எட்டின் இடது பாதி

அலுவலகத்தில் அவளுக்கு அச்சு என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாரோ வைத்தது. அவள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "இது கையா, அச்சு மெஷினா?" என்று கேட்டார்களாம். பதினான்கு வருடத்தில் மெஷின் உதிர்ந்து அச்சு மட்டும் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போன் செய்பவர்கள் கூட, "அச்சு இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. கோடு போட நான்கு பேர் இருந்தார்கள். கோடுகள் முடிந்த பிறகு அளவுகளையும் குறிப்புகளையும் எழுதுவதற்குத் தாள் அவளிடம் வரும். கோடு ஒரு மயிரிழை விலகினால் கொத்தனார் சமாளித்துக்கொள்வார். எண் மாறினால் யாராலும் சமாளிக்க முடியாது. அதனால் அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று யாரும் பேச மாட்டார்கள்.

அவளுடைய பெட்டியில் மூன்று தடிமனில் மூன்று மைப்பேனாக்கள், எழுத்தின் உயரத்துக்கு ஒன்றாக நான்கு ஸ்டென்சில் பட்டைகள், தப்பான மையைச் சுரண்ட ஒரு பாதி பிளேடு, சுரண்டிய இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு பழைய கரண்டியின் காம்பு. பேனாவைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மை பட்டையின் அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்டென்சிலில் எட்டு என்ற எண்ணை முழுதாக வெட்ட முடியாது, வெட்டினால் நடுவில் இருக்கும் இரண்டு வட்டத் துண்டுகளும் கழன்று விழுந்துவிடும். ஆகையால் அந்தப் பட்டைகளில் எட்டை இரண்டு பாதியாக எழுத வேண்டியிருந்தது. முதலில் வலது பாதி, அது பார்க்க மூன்று போலவே இருக்கும். பிறகு பட்டையை நகர்த்தி இடது பாதியை எழுதி மூட வேண்டும். மை காய்வதற்குள் மூடினால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கலந்து, இணைப்பு எங்கே என்றே தெரியாது. அவள் மூன்று மூச்சில் ஓர் எட்டை முடித்துவிடுவாள்.

அவள் முடித்த தாள் சரிபார்ப்பவரிடம் போகும். அவருக்குச் சல்லடை என்று பெயர், அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளியும் போகாது என்பதால். அவர் காதில் விழும்படியே அப்படிக் கூப்பிடுவார்கள். "சல்லடைன்னா ஓட்டைதானேப்பா நிறைய இருக்கும்?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பணி முடிய அவருக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

ஒரு நாள் மதியம் வரிசைக் கடைகள் கொண்ட ஒரு கட்டடத்தின் வரைபடம் அவள் பலகையில் இருந்தது. கடைகளுக்கு முன்னால் தூண் இல்லாமல் நீண்டு நிற்கும் முகப்புக் கூரை. சுவரிலிருந்து வெளியே வரும் இரண்டு விட்டங்கள்தான் அதைத் தாங்க வேண்டும். விட்டத்தின் மேற்புறத்தில் பதினாறு மில்லிமீட்டர் கம்பி எட்டு. பக்கவாட்டில் பார்த்த படம் அது. கம்பிகள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே கோடாகத்தான் தெரியும். எத்தனை கம்பி என்பதை எண்தான் சொல்ல வேண்டும். தாளில் எழுத மிச்சமிருந்த கடைசி எண் அதுதான். அவள் எட்டின் வலது பாதியை எழுதினாள். அந்த நேரத்தில் போன் வந்தது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து. படியிலிருந்து விழுந்துவிட்டாள், கை உடைந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள்.

பேனாவை மூடக்கூட இல்லை. பலகையில் அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

மூன்று நாள் கழித்து வந்தபோது மை உறைந்து பேனா அடைத்துப் போயிருந்தது. பலகையில் வேறு தாள். "கடை படம் எங்கே?" என்று கேட்டாள். "அன்னைக்கே போயிருச்சு. சல்லடை பார்த்துக் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார்கள். ஒரு பேனாதான் போயிற்று என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

நான்கு மாதம் கழித்து, காலை பத்து மணிக்கு அந்தக் கூரை விழுந்தது. கான்கிரீட் இறுகிவிட்டது என்று அடியில் கொடுத்திருந்த முட்டுகளைச் சென்ட்ரிங் வேலைக்காரர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி முட்டுக்கு முந்தையதை எடுத்ததும் மொத்தமும் மடிந்து இறங்கியது. வெளியே நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அவரால் முடியவில்லை.

உடைந்த விட்டங்களைப் பிளந்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிதான் இருந்தது. வேலையிடத்துக்குப் போயிருந்த நகல்கள் இரண்டு. ஒன்று பலகையில் ஆணியடித்து வெயிலில் தொங்கி, நான்கு மாதத்தில் வெளிறி வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. இன்னொன்று இடிபாட்டுக்குள் நனைந்து கூழாகிக் கிடந்தது. அலுவலகத்தில் இருந்த மூலப்படத்தை எடுத்துப் பார்த்தார்கள். எட்டு என்று தெளிவாக இருந்தது. கோப்பில் இருந்த நகலிலும் எட்டு.

அப்படியென்றால் ஐந்து கம்பி எங்கே போயிற்று? கம்பி கட்டியவர் திருடி விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மறுநாளே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தில் மூன்றுதான் இருந்தது என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவளுக்கும் வந்தது. அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவள் உடம்பு கூசியது.

விசாரணை அதிகாரி, விட்டத்தின் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒரு நகல் வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த வேலை அவளிடம் வந்தது. மூலப்படத்தைக் கண்ணாடி மேசையில் விரித்து அடியில் இருந்த விளக்கைப் போட்டாள். தாள் முழுவதும் ஒளி ஏறி எழுத்துகள் கறுப்பாக எழுந்து நின்றன. தாளில் பதினொரு எட்டுகள் இருந்தன. பத்து எட்டுகளில் மை ஒரே சீராக ஓடியிருந்தது. விட்டத்துக் கம்பிக்கு எழுதிய ஒன்றில் மட்டும், மேலே ஓர் இடத்திலும் நடுவில் ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும், கடுகை விடச் சின்னதாக மூன்று கரும்புள்ளிகள். காய்ந்த மையின் மேல் ஈர மை ஏறினால்தான் அப்படிக் கறுக்கும்.

அதே பட்டை, அதே தடிமன். செய்தவர் கை சுத்தமான கை. ஆனால் அவள் கை இல்லை.

அப்போதுதான் அந்த மதியம் அவளுக்கு முழுதாகத் திரும்பி வந்தது. போன் மணி, மூடாத பேனா, பலகையில் நின்றுபோன ஒரு மூன்று. மேசை விளக்கை அணைத்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டவரைத் தேடிப் போனாள்.

சல்லடை நகலெடுக்கும் அறையில் இருந்தார். அம்மோனியா நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த சுருளைக் கீழே வைத்தார்.

"பார்த்துட்டியா?" என்றார்.

"நீங்களா சார்?"

"அது எட்டுதாம்மா. கணக்குலயும் எட்டு. நீ எழுத வந்ததும் எட்டு."

"நான் மூணோட விட்டுட்டுப் போயிருக்கேன்."

"பாதியில விட்டுட்டுப் போன வேலையைப் பார்க்கத்தானே என்னை உக்கார வச்சிருக்காங்க? அன்னைக்கு நான் பார்க்கல. கட்டடக்காரர் ஆள் அனுப்பி வாசல்லயே நிக்க வச்சிருந்தாரு. உன் எழுத்துதானே, அதுல என்ன இருக்கப் போவுதுன்னு போட்டுட்டேன் கையெழுத்த. கூரை விழுந்துச்சுன்னு சேதி வந்ததும் முதல்ல படத்தை எடுத்துப் பார்த்தவன் நான்தான்." அவர் குரல் இறங்கியது. "கோப்புல இருந்த நகலையும் மாத்திட்டேன்."

"அந்தக் கம்பிக்காரர் திருடல."

அவர் கீழே வைத்த சுருளை மறுபடி எடுத்து இறுக்கிச் சுற்றினார்.

"தெரியும்" என்றார்.

"சார்..."

"ஒரு எண்ணுக்காக உன் குடும்பமும் என் குடும்பமும் தெருவுக்கு வரணுமான்னு நினைச்சேம்மா. அவ்வளவுதான் நினைச்சேன்."

"ஏற்கெனவே ரெண்டு குடும்பம் வந்தாச்சே சார்."

சல்லடை நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் சட்டென்று வற்றிப் போனது போல இருந்தது. "நானா எந்திரிச்சுச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ஆனா நீ சொன்னா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதை மட்டும் நம்பு."

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். மகள் கீழே பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே கேட்டார். கடைசித் துணியை மடித்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"உன்னை உள்ள வச்சிருவாங்களா?"

"தெரியலைங்க. வேலை போயிரும். அது நிச்சயம்."

"வேற யாரும் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

அவர் அவளைப் பார்த்தார். அதற்கு மேல் அந்தக் கேள்வியை இழுக்கவில்லை. "சரி. சொல்றதுன்னா இதையும் சேர்த்துச் சொல்லு. பாப்பா கை உடைஞ்சுதுன்னு போன் வந்துச்சு, அதான் ஓடுனேன்னு. பெத்தவங்க யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. கேக்குறவங்களுக்கும் மனசு இருக்கும்."

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நாளைக்கு அது நாலு பேர் வாயில விழும். பாப்பா காதுக்கும் வரும். நான் விழுந்ததாலதான் ஒருத்தர் செத்தாருன்னு அவ நினைச்சுக்கிட்டே வளரணுமா?"

அவர் துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார். "விசாரணை அன்னைக்கு நான் லீவு போட்டுட்டுக் கூட வர்றேன்" என்றார்.

விசாரணை நடந்த கட்டடத்தின் நடைகூடத்தில் ஒரு நீளப் பெஞ்சு. அதன் ஓரத்தில் ஒரு பெண் மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் சலவை செய்து மடித்த ஒரு சட்டை தெரிந்தது. அச்சு பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நீங்க ஆபீஸா?" என்று கேட்டாள்.

"படம் போட்ட ஆபீஸ்ங்க."

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "உக்காருங்க, உக்காருங்க" என்று அச்சு அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர்தாங்க கம்பி கட்டுனது. அவரு திருடலைங்க. கட்டுன அன்னைக்கே வீட்டுல வந்து சொன்னாரு, மூணு கம்பி மனசுக்கு ஒப்பலைன்னு. சாப்பிடக்கூட இல்ல. மேஸ்திரிகிட்ட கேட்டிருக்காரு. படத்துல இருக்கிறதைக் கட்டு, நீ என்ன இன்ஜினியரான்னு கேட்டுட்டாராம். இப்போ அந்த மேஸ்திரி, அப்படி எதுவும் கேக்கவே இல்லைங்கிறாரு." பைக்குள் இருந்த சட்டையின் மடிப்பை நீவினாள். "உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது. ஆனா பெரிய இடத்துல யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

அச்சு தன் பேனாப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டார்கள். கணவரும் கூட வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார்.

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். மேசையில் மூலப்படம் விரித்திருந்தது. ஒரு பக்கம் அலுவலகத்தின் தலைமைப் பொறியாளரும் சல்லடையும். சுவரோரமாகக் கம்பிக்காரர் நின்றார், பக்கத்தில் ஒரு காவலர். இளைத்த உடம்பு. கைகள் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தன.

"இது உங்க எழுத்துதானே?" அதிகாரி சம்பிரதாயத்துக்குக் கேட்பது போலக் கேட்டார். பேனா ஏற்கெனவே தாளின் மேல் இருந்தது.

"இந்த எட்டுல வலது பாதி என்னோடதுங்க. இடது பாதி என்னோடது இல்ல."

பேனா நின்றது.

"புரியல."

"நான் எழுதுனப்போ இது மூணா நின்னு போச்சு. அப்படியே வேலையிடத்துக்குப் போயிருக்கு. கூரை விழுந்த பிறகுதான் எட்டாச்சு."

தலைமைப் பொறியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். அச்சு பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு டிரேசிங் தாளை விரித்தாள். அதில் ஒரு வலது பாதியை எழுதி ஓரமாக வைத்துவிட்டு, "இது காயட்டும்" என்றாள். இன்னொரு எட்டை நிறுத்தாமல் எழுதி மூடினாள். அறையில் இருந்தவர்கள் மை காய்வதற்காகக் காத்திருந்தார்கள். பிறகு அவள் முதல் பாதியின் மேல் பட்டையை வைத்து இடது பாதியை எழுதினாள். இரண்டும் காய்ந்ததும், தாளையும் மூலப்படத்தையும் சன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கியை அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் உதடுகள் எண்ணின.

"இதை மூடினது யாரு?"

அச்சு வாய் திறக்கவில்லை. சல்லடை எழுந்தார். எழுந்ததும் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருப்பதைக் கவனித்து, அதை மாட்டினார்.

"நான்தாங்க" என்றார்.

அதிகாரி அவரைப் பார்த்துவிட்டு அச்சுவிடம் திரும்பினார். "பதினாலு வருஷ அனுபவம்னு போட்டிருக்கு. ஒரு எண்ணைப் பாதியில விட்டுட்டு எந்திரிக்கிற அளவுக்கு என்ன நடந்துச்சு? ஏதாவது காரணம் இருந்தா இப்பவே சொல்லிருங்க. பதிவாகும்."

பின்பெஞ்சில் அவள் கணவர் தலை குனிந்துகொண்டார். சல்லடைக்கும் காரணம் தெரியும். அவரும் சொல்லவில்லை.

"காரணம் எதுவும் இல்லைங்க. என் கவனக்குறைவு."

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே நடைகூடத்தில் கம்பிக்காரர் அவளைக் கடந்து போக வேண்டியிருந்தது. காவலர் இரண்டு நிமிடம் விட்டார். அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை.

"திருடன் இல்லைன்னு ஆயிருச்சு. சரி. ஆனா கட்டுனது நான்தானுங்களே. பத்தாதுன்னு இந்தக் கைக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கட்டிட்டேன்" என்றார். அவர் மனைவி சட்டையைக் கையில் கொடுத்தாள். அதை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாரணை முடிந்த நான்காம் நாள் கம்பிக்காரரை விட்டுவிட்டார்கள். ஆவணத்தைத் திருத்தியதற்காகச் சல்லடைக்கு ஆறு மாதச் சிறை. அச்சுவுக்கு அன்றே வேலை போயிற்று. வழக்கு இரண்டு வருடம் நடந்தது. தானாக முன்வந்து சொன்னதால் எச்சரித்து விட்டார்கள், கவனக்குறைவு என்ற சொல் மட்டும் அவள் பேரோடு நின்றது. அதற்குப் பிறகு எந்த அலுவலகமும் அவளை எடுக்கவில்லை. ஒரு பெயர்ப்பலகைக் கடையில் எழுதப் போனாள். மகளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், விசாரணை நடந்த அந்த வாரத்திலேயே, இறந்தவரின் வீட்டைத் தேடிக்கொண்டு அவள் போனாள். கணவர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரே அறைதான். சுத்தியலும் ஆணிப்பையும் மூலையில் ஒரு பலகையின் மேல் இருந்தன. இறந்தவரின் மனைவிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அச்சு நின்றபடியே தான் யார் என்றும், எந்த எண்ணை எழுதியவள் என்றும், அதைப் பாதியில் விட்டவள் என்றும் சொன்னாள். அந்தப் பெண் அழுவாள், அடிப்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அந்தப் பெண் அப்படி எதுவும் செய்யவில்லை. பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்பது போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தானே குடித்தாள்.

"அவரு கீழ நின்னப்போ, அது விழும்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"யாருக்கும் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சே நிக்க வச்சாங்களோன்னுதான் இத்தனை நாளா உள்ள அறுத்துக்கிட்டே இருந்துச்சு."

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்களை மன்னிக்கிறேன்னு என்னால சொல்ல முடியாது. வாய் வராது."

"நான் அதுக்கு வரலைங்க."

"அந்தக் கம்பிக்காரர் பொண்டாட்டி வீட்டுக்குப் போய், வாசல்ல நின்னு, வாயில வந்ததெல்லாம் பேசிட்டு வந்தேன். தெருவே பார்த்துச்சு. உம் புருசனும் இப்படியே நசுங்கிச் சாவான்னு சொன்னேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. பொண்ணைப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னாங்க." தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "இப்போ அங்க போகணும். தனியாப் போகக் கால் வரல."

அச்சு அவளைப் பார்த்தாள்.

"நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்."

அந்தப் பெண் முகம் கழுவிவிட்டு வந்தாள். கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். நான்கு தெரு தாண்டி, ஒரு நீல நிறக் கதவின் முன்னால் அந்தப் பெண் நின்றாள். கையைத் தூக்கினாள், தட்டவில்லை. அச்சுதான் தட்டினாள்.

கம்பிக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தியை நடைகூடத்துப் பெஞ்சில் தெரியும், இன்னொருத்தியை இதே வாசலில் தெரியும்.

"வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிக் கதவை விட்டு விலகினாள்.